எல் நினோ வந்தால் டெல்டாவில் சம்பா போடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கம் அப்பா விட்டுச்சென்ற ஐந்து ஏக்கர் இருக்கிறது. நீங்கள் வெளியூரில் வேலை பார்க்கிறீர்கள். "எல் நினோ வருகிறது, விளைச்சல் விழும்" என்று செய்தியில் பார்த்துவிட்டு, இந்த வருஷம் சம்பா போடுவதா, நிலத்தைச் சும்மா போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். பசிபிக் கடல் சூடானால் மன்னார்குடியில் நெல் ஏன் கருக வேண்டும், இதெல்லாம் டிவிக்காரர்கள் கிளப்புவதா என்றும் கடைசியில் ஒரு வரி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட பெரிய கடல் மாற்றங்கள் பயிரைப் பாதிப்பது உண்மையா என்பது ஒன்று. உண்மை என்றால் அந்தப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு என் வயலைப் பற்றி ஒரு முடிவுக்கு வர முடியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆமாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

நான் கடலியல் படித்தவன் இல்லை. உழவியல் படித்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காவிரி டெல்டாவில் விவசாயிகளுக்கு வானிலை ஆலோசனை சொல்லும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கடலுக்குள் நடப்பதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். வயலில் நடந்ததை வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். கீழே எழுதுவதை அந்த வித்தியாசத்தோடு படியுங்கள்.

பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும், நிலநடுக்கோட்டை ஒட்டிய நீர் வழக்கத்தைவிடச் சூடாகிப் பல மாதங்கள் அப்படியே இருந்தால் அது எல் நினோ. குளிர்ந்தால் லா நினா. அளவுகோல் அரை டிகிரி செல்சியஸ்தான். அரை டிகிரிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். ஆனால் அந்த அரை டிகிரியை அளக்கும் கடல் பட்டை, இந்தியாவைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பரப்பு. சாதாரண ஆண்டுகளில் கிழக்கிலிருந்து வீசும் காற்று, சூடான நீரை இந்தோனேசியப் பக்கம் ஒதுக்கி வைக்கும். அங்கேதான் காற்று மேலெழுந்து மேகம் கட்டும். அந்தக் காற்று தளர்ந்தால் சூடான நீர் கிழக்கே நகரும், மேகம் கட்டும் இடமும் கூடவே நகரும். ஓரிடத்தில் காற்று மேலே போனால் இன்னோரிடத்தில் இறங்கியாக வேண்டும். இந்தோனேசியாவின் மேலும் தென்மேற்குப் பருவக்காலத்து இந்தியாவின் மேலும் அது இறங்கினால், ஈரம் இருந்தாலும் மேகம் வளராது. பசிபிக்கும் மன்னார்குடியும் இப்படித்தான் சேர்கின்றன. சுழற்சி என்று சொன்னாலும் இதற்குக் கடிகாரம் கிடையாது. இரண்டு ஆண்டில் வரும், ஏழு ஆண்டும் ஆகும். குருப்பெயர்ச்சி மாதிரி பஞ்சாங்கத்தில் தேதி போட முடியாது.

இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த கதையிலேயே நமக்கு ஒரு பங்கு உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று ஊரில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. அதற்குப் பிறகும் 1899இல் பெரும் வறட்சி வந்தது. பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே சொல்ல ஏதாவது வழி உண்டா என்ற தேடலில், 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை. உலகம் முழுக்க இருந்து காற்றழுத்தக் கணக்குகளை வாங்கி, பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்று கண்டார். அவருக்குக் கடலின் சூடு தெரியாது. காற்றின் இந்த ஏற்ற இறக்கமும் கடலின் சூடும் ஒரே ஆட்டத்தின் இரண்டு பக்கங்கள் என்று தெளிவாக இணைத்துக் காட்டியவர் ஜேக்கப் பியர்க்னெஸ், 1969இல். இடைச்செருகலாக ஒன்று: அந்தப் பஞ்சத்தை எல் நினோ கணக்கிலேயே முழுக்க எழுதிவிடக் கூடாது. 1876இல் முதலில் மழை பொய்த்தபோது எல் நினோ வலுக்கவில்லை. அது 1877இல்தான் பிடித்துக்கொண்டது. தவிர, ஜனம் செத்துக்கொண்டிருந்தபோதும் துறைமுகத்தில் தானியம் கப்பலேறியது. மழை குறைவது வானத்தின் வேலை. பஞ்சமாவதில் மனிதனுக்குப் பங்கு உண்டு.

சரி, இந்திய அளவில் கணக்கு என்ன சொல்கிறது? எல் நினோ ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் தென்மேற்குப் பருவமழை குறைந்திருக்கிறது. 2002இல் 19 சதவீதம் குறைவு. 2009இல் 22 சதவீதம் குறைவு. 2015இல் 14. ஆனால் 1997ஐப் பாருங்கள். அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று. எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். பருவமழை வழக்கமான அளவைவிடத் துளி கூடவே பெய்தது. இந்தியப் பெருங்கடலில் மேற்குப் பாதி சூடாகவும் கிழக்குப் பாதி குளிர்ந்தும் இருந்தது அதற்கு ஒரு காரணம் என்று பிற்பாடு சொன்னார்கள். இந்தியப் பெருங்கடல் இருமுனை, சுருக்கமாக ஐஓடி என்று இப்போது வானிலைக்காரர்கள் எல்லாரும் சொல்வது இதைத்தான். அதற்குப் பெயர் வைத்து விளக்கியதே 1999இல்தான். ஆக 1997இல் பயந்தவர்களைக் குறை சொல்ல முடியாது, பாதிப் படம்தான் கையில் இருந்தது.

மழைக்கும் விளைச்சலுக்கும் இடையில் இன்னொரு படி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பாடம் 2002ம் 2009ம். 2002இல் நாட்டின் உணவு தானிய உற்பத்தி 21 கோடியே 28 லட்சம் டன்னிலிருந்து 17 கோடியே 48 லட்சம் டன்னாக விழுந்தது. கிட்டத்தட்ட 18 சதவீத அடி. 2009இல் மழை அதைவிட மோசம். ஆனால் உற்பத்தி 23 கோடியே 44 லட்சத்திலிருந்து 21 கோடியே 81 லட்சம் டன்னுக்கு, அதாவது 7 சதவீதம்தான் குறைந்தது. மழை அதிகம் குறைந்த வருஷத்தில் பயிர் குறைவாகப் பாதிக்கப்பட்டது எப்படி? 2002இல் ஜூலை மாத மழை ஏறத்தாழ பாதியாகிவிட்டது. வட இந்தியாவில் விதைப்பும் நடவும் நடக்கிற மாதம் அது. விதைக்க முடியாத நிலத்துக்குப் பிறகு எவ்வளவு பெய்தாலும் பயனில்லை. 2009இல் பின்மழை கொஞ்சம் கைகொடுத்தது, கோதுமைப் பருவம் தப்பியது. பருவத்தின் மொத்த மழைக் கணக்கு செய்தி வாசிக்க உதவும். பயிருக்குத் தெரிந்தது எந்த வாரம் ஈரம் இருந்தது என்பது மட்டும்தான்.

இனி உங்கள் வயலுக்கு வருகிறேன். டெல்டா இரண்டு வானத்தை நம்பிப் பிழைக்கிற ஊர். ஒரு வானம் குடகிலும் வயநாட்டிலும் இருக்கிறது. அங்கே ஜூன், ஜூலையில் பெய்தால் கபினியும் ஹேமாவதியும் கிருஷ்ணராஜ சாகரும் நிறையும், அப்புறம்தான் மேட்டூருக்குத் தண்ணீர். 120 அடி, 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அந்த அணையை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தால், சம்பாவுக்கு முன்னால் போடும் குறுகிய காலப் பயிரான குறுவை. இன்னொரு வானம் வங்கக்கடலுக்கு மேலே. ஐப்பசி அடைமழை, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை, அங்கிருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியும், நாகப்பட்டினம் போன்ற கடலோர மாவட்டங்களில் மூன்றில் இரண்டு பங்கும் அந்த மூன்று மாதத்தில் பெய்வது. சம்பாவும், குறுவை அறுத்த நிலத்தில் போடும் தாளடியும் நடவுக்கு ஆற்றை எதிர்பார்த்தாலும், பிழைப்பது இந்த மழையில். செய்தியில் எவரும் சொல்லாத விஷயம், எல் நினோ இந்த இரண்டு வானத்தையும் எதிரெதிர்த் திசையில் தள்ளுகிறது என்பது. முதல் வானத்தை அது வறட்டப் பார்க்கிறது. இரண்டாவதைக் கொட்ட வைக்கப் பார்க்கிறது. லா நினாவில் பெரும்பாலும் தலைகீழ். இலங்கையிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதே போக்குதான், அங்கே பெரும்போக நெல்லுக்கு அது நல்லது.

2023இல் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். நாடு முழுவதற்குமான கணக்கில் அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை வழக்கத்தில் 94 சதவீதம், பெரிய குறையொன்றும் இல்லை. ஆனால் ஆகஸ்ட் மாதம் 36 சதவீதம் குறைவு. 1901இலிருந்து அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் கிடையாது. கர்நாடகத்தில் பெரும்பாலான தாலுகாக்கள் வறட்சிப் பட்டியலில் வந்தன. மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்துவிட்டார்கள், அதை நம்பி விதைத்தவர்களும் நிறைய. பாதிப் பயிரில் தண்ணீர் தீர்ந்து அக்டோபரில் மூடினார்கள். கடைமடையில் கதிர் வரும் நேரத்தில் குறுவை காய்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. இரண்டு வாரம் கழித்து காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் தண்ணீருக்கடியில் கிடந்தன. ஒரே எல் நினோ. காவிரியில் தண்ணீருக்கு வழக்காடிக்கொண்டிருந்த மாநிலம் தாமிரபரணியில் தண்ணீரை வடிக்க வழி தேடியது.

இப்போது நான் தவறிய இடத்தைச் சொல்கிறேன். 2015இல் பெரிய எல் நினோ. அந்தக் கார்த்திகையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2016 கோடையில் அது அடங்கிவிட்டது, லா நினா வரும்போல் இருக்கிறது என்றார்கள். ஜூலையில் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, எல் நினோ போயிடுச்சுங்கிறாங்களே, இனிமே கவலையில்லையே?" என்றார். "ஆமாங்கய்யா, நல்ல வருஷமா இருக்கும்" என்றேன். அகில இந்திய விதியை அப்படியே டெல்டாவில் தூக்கி வைத்தேன். குடகில் மழை ஏமாற்றியதால் மேட்டூரை செப்டம்பர் 20 அன்றுதான் திறக்க முடிந்தது. சரி, ஐப்பசி காப்பாற்றும் என்று நேரடி விதைப்பு செய்து காத்திருந்தார்கள். லா நினா வலுவானது இல்லை, ஆனால் இந்தியப் பெருங்கடலிலும் இருமுனை 1997க்கு எதிர்ப்பக்கம் வலுவாகச் சாய்ந்திருந்தது. வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. பதிவு தொடங்கிய காலத்திலிருந்தே மிக மோசமானவற்றில் ஒன்று அது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். தை மாதம் அறுக்க வேண்டிய வயலில் ஆடு மேய்ந்தது. அந்தப் பெரியவரை அதற்குப் பிறகு பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்காக லா நினா என்றால் சம்பா போச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2010 லா நினாதான், 2021ம் லா நினாதான், இரண்டிலும் வடகிழக்குப் பருவமழை தாராளம். 2021 நவம்பரில் சென்னையில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை" என்று நம் ஊரில் சொல்வார்கள், அதுவும் எப்போதும் பலிக்காது. 2021 ஜனவரியில், அதுவும் லா நினா நடந்துகொண்டிருந்தபோது, பொங்கலை ஒட்டி விடாமல் பெய்து முற்றிய சம்பாக் கதிரெல்லாம் வயலில் சாய்ந்து முளைவிட்டது. ஆகவே எல் நினோ, லா நினா என்பதெல்லாம் தராசு எந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும். ஒரு புயல் எந்தக் கரைக்குப் போகிறது என்பது தராசையே புரட்டிப்போடும். எல் நினோ தென்மேற்குப் பருவமழையை ஏன் குறைக்கிறது என்பதற்கு விளக்கம் ஓரளவு கெட்டி. வடகிழக்குப் பருவமழையை ஏன் கூட்டுகிறது என்பதற்கு, ஈரமான கிழக்குக் காற்று நம் கரையை நோக்கி வலுப்படுகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். ஆனால் அதில் பசிபிக்கின் பங்கு எவ்வளவு, இந்தியப் பெருங்கடலின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை.

அப்படியானால் எல் நினோ வந்தால் சம்பாவுக்குக் கொண்டாட்டம்தானே என்று கேட்பீர்கள். அங்கேதான் பயிரின் வயது குறுக்கே வருகிறது. நெல்லுக்குத் தண்ணீர் பிடிக்கும், மூழ்கினால் பிடிக்காது. நட்டு இருபது நாளான பயிர் நவம்பரில் ஒரு வாரத்துக்கு மேல் முழுக்க மூழ்கினால் அழுகிவிடும். அதே பயிர் தூர் கட்டி உயர்ந்து நின்றால் அதே மழையைத் தாங்கிவிடும். பூக்கும் நேரம் இன்னும் நுணுக்கம். நெற்பூ காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் விரிந்து ஒரு மணி நேரம் போலத் திறந்திருக்கும். அந்த வாரத்தில் காலை மழை தொடர்ந்து அடித்தால் மகரந்தம் கழுவிப்போய்ப் பதர் கூடும். அந்த நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலும் பதர்தான், சம்பாவுக்கு அந்தக் கவலை குறைவு, குறுவைக்கு உண்டு. பால் பிடித்து முற்றிய பிறகு பெய்தால் சாயும். சாய்ந்ததை மிஷினில் அறுத்துக் கொண்டுபோனால் நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். மழை ஆண்டுகளில் அரசு அதைக் கொஞ்சம் தளர்த்துவதுண்டு, ஆனால் உத்தரவு வருவதற்குள் சாலையோரக் குவியலில் நெல் சூடேறிவிடும். மழை கூடியது என்ற ஒரே செய்தி ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் லாபமாகவும் அந்தப் பக்கம் நஷ்டமாகவும் முடிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நடவுத் தேதியில் மூன்று வாரம் வித்தியாசம், அவ்வளவுதான்.

உலக அளவிலும் இதே கோணல்தான். பெரிய ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. எல் நினோ ஆண்டுகளில் உலக சராசரி சோயா விளைச்சல் 2 முதல் 5 சதவீதம் வரை கூடுகிறது, மக்காச்சோளம், நெல், கோதுமை ஆகியவற்றில் 4 சதவீதம் வரை குறைவதிலிருந்து லேசாகக் கூடுவது வரை எல்லாம் நடக்கிறது என்று அது சொன்னது. உலக சராசரியாகப் பார்த்தால் சின்ன எண்கள். ஆனால் அந்தச் சராசரிக்குள் ஆஸ்திரேலியக் கோதுமைக்காரர் கதறுவார், அமெரிக்க சோயாக்காரர் சிரிப்பார். இந்த எண்களை எப்படி எடுக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. புது ரகம், உரம், போர்வெல் என்று விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே வரும். அந்த ஏற்றத்தைக் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் மேடு பள்ளத்தைத்தான் கடலோடு ஒப்பிடுகிறார்கள். எப்படிக் கழிப்பது என்பதிலேயே விடை கொஞ்சம் மாறும். அதனால் "எல் நினோ வந்தால் இத்தனை சதவீதம் விழும்" என்று முழு எண்ணாக யாராவது சொன்னால் நான் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்பேன். எண்ணெய்ப்பனை வேறு மாதிரி. இன்றைக்கு வறட்சி என்றால் பல மாதம் கழித்துத்தான் குலை குறையும். 2015 வறட்சியின் அடி மலேசியாவின் பாமாயில் உற்பத்தியில் 2016இல் தெரிந்தது.

உங்கள் பணப்பைக்கு இதைவிட நெருக்கமான வழி ஒன்று உண்டு, விலை. எல் நினோ பயத்தோடு உள்நாட்டு விலையும் ஏறிக்கொண்டிருந்தபோது, 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது, அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி. தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. வெளிநாட்டில் அரிசி விலை ஏறியது, அந்த ஏற்றம் இங்கே வயலில் இருப்பவனுக்கு முழுசாக வந்து சேரவில்லை. கடல் செய்யாத வேலையையும் சில சமயம் அரசாணை செய்துவிடும்.

எவ்வளவு முன்கூட்டியே தெரியும் என்பதுதான் என் மனதில் இன்னும் இடறுகிற இடம். எல் நினோ கார்த்திகை, மார்கழியில் உச்சம் தொடும். ஆடி, ஆவணிக்குள் அது வளர்கிறதா என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். ஆனால் பங்குனி, சித்திரையில் சொல்வது நம்பகம் குறைந்தது. அந்த மாதங்களில் பசிபிக் எந்தப் பக்கமும் சாயத் தயாராக இருக்கும். 2014 வசந்தத்தில் பெரிய எல் நினோ வருகிறது என்று உலகமே பேசியது. அந்த ஆண்டு அது நொண்டியது, அடுத்த ஆண்டுதான் வந்தது. 2017 தொடக்கத்திலும் எல் நினோ என்றார்கள், ஆண்டு முடியும்போது லா நினா. குறுவைக்காரன் முடிவெடுக்க வேண்டிய மாதத்தில்தான் கணிப்பு மிகவும் பலவீனம். சம்பாக்காரனுக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் கூட. அவன் விதைப்பதற்குள் பசிபிக்கும் ஐஓடியும் ஓரளவு முகம் காட்டிவிடும். பருவத்துக்குள் நுழைந்தபின் எல் நினோவை மறந்துவிட்டு, மேடன்-ஜூலியன் அலைவு என்ற மழைக்கூட்டத்தைக் கவனிப்பதே மேல். முப்பது முதல் அறுபது நாளுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவரும் அது நம் பக்கம் வரும் இரண்டு வாரம் மழை, தாண்டியபின் இடைவெளி. உரம் போடவும் மருந்தடிக்கவும் அந்த இடைவெளி போதும்.

பூமி சூடாவதால் எல் நினோ இன்னும் வலுக்குமா என்பதில் கணினி மாதிரிகள் ஒரே குரலில் பேசவில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது மட்டும் இயற்பியல், அதில் வாதமில்லை. பெய்கிற நாளில் கொட்டித் தீர்ப்பது அதனால்தான் கூடிவருகிறது.

எல்லாம் சேர்த்து, உங்கள் ஐந்து ஏக்கருக்கு என் யோசனை இதுதான். எல் நினோ என்ற காரணத்துக்காக சம்பாவைக் கைவிட வேண்டாம். எல் நினோ உறுதியாகும் ஆண்டில் நான் தயங்குவது குறுவைக்குத்தான். போர்வெல் இல்லையென்றால், ஜூலை நடுவில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் நீர்மட்டத்தைப் பார்க்காமல் குறுவையில் இறங்கமாட்டேன். மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்பது போதாது, எத்தனை நாளுக்கு ஓடும் என்பதே கணக்கு. சம்பாவில் என் கவலை வறட்சியைவிட வெள்ளம். உங்கள் நிலம் பள்ளமா மேடா என்று ஊரில் கேளுங்கள். பள்ளம் என்றால் சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகம் பார்க்கலாம். ஒடிசாவின் ஒரு நாட்டு ரகத்திலிருந்து எடுத்த மரபணு அதில் இருக்கிறது, இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீளும். ஆனால் அது 155 நாள் பயிர், ஆவணிக்குள் விதை விழுந்துவிட வேண்டும். ஆறு தாமதித்தால் அதைப் பிடித்துத் தொங்காமல் நடுத்தர வயது ரகத்துக்கு மாறுங்கள். புரட்டாசியிலேயே வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரையை எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் வயலின் தண்ணீர் வெளியேறுவது பக்கத்து வயல்காரர் வாய்க்காலைத் தூர்வாரியிருக்கிறாரா என்பதைப் பொறுத்தது, அவரிடம் ஒரு வார்த்தை பேசி வையுங்கள்.

நீங்கள் வெளியூரில் இருப்பதால் ஒன்று முக்கியம். பயிர்க் காப்பீட்டுக்கு சம்பாவில் விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல், அதாவது வயலில் என்ன பயிர் இருக்கிறது என்ற சான்று, வாங்கத் தாமதமாவதால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐப்பசி முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். இழப்பீடு உங்கள் வயலை மட்டும் பார்த்து வராது. ஊரில் சில வயல்களில் அறுத்துப் பார்த்து எடுக்கும் சராசரியை வைத்தே பெரும்பாலும் வரும். உங்கள் வயல் மட்டும் பள்ளத்தில் மூழ்கி, ஊர் நன்றாக விளைந்தால் கைக்கு ஒன்றும் வராமல் போகலாம். அந்த ஆபத்துக்குக் காப்பீடு பதில் இல்லை, வாய்க்கால்தான் பதில்.

கடைசியாக உளுந்து. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கும் நெல்லுக்குள் தெளித்துவிடுவீர்கள் அல்லவா? பின்மழை நீளும் ஆண்டுகளில், தை பிறந்தும் ஈரம் வடியாமல் அந்த விதை அழுகிப்போகும். அதனால் விதை முழுவதையும் ஒரே நாளில் தெளித்துவிடாமல் மூன்றில் ஒரு பங்கைக் கையில் வைத்திருங்கள். மிஷின் இறங்கி அறுத்து முடித்ததும் எங்கெங்கே முளைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்து, ஈரம் இருக்கும்போதே அங்கே மட்டும் தெளித்துக்கொள்ளலாம்.